அத்தர் பெட்டிக்குள் முந்திரிக்கொத்து

மூடியைத் தூக்கியதும் என் சின்ன டிடிபி கடை முழுக்க அத்தர் வாசம்.

அதுவரை அங்கே இரண்டே வாசம்தான். ஒன்று பிரிண்டர் மை. இன்னொன்று மத்தியானம் நான் தின்ற மீன் குழம்பு...

தக்கலையில் கல்யாண அழைப்பிதழும் கண்ணீர் அஞ்சலி நோட்டீசும் அடித்துக் கொண்டிருந்த காலம். விசிட்டிங் கார்டில் மட்டும் 'கிரியேட்டிவ் டிசைனர்' என்று போட்டிருந்தேன். நான் ஒருவனே இருக்கும் கடைக்கு 'ஹெட் ஆபீஸ்' என்றும் போட்டிருந்தேன். வயசு அப்படி.

பெட்டியைக் கொண்டுவந்தவர் செல்வின் அண்ணன். துபாயில் ஒரு பெரிய சென்ட் கடையில் சேல்ஸ்மேன், லீவுக்கு வந்திருந்தார். கூடவே அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா. வறுத்த சிறுபயறும் கருப்பட்டியும் தேங்காயும் சேர்த்து உருட்டி, மூன்று மூன்றாக மாவில் முக்கி அக்கா பொரித்தெடுக்கும் முந்திரிக்கொத்து எங்கள் பக்கத்தில் பிரசித்தம். கிறிஸ்மஸ் அன்று போதகர் பிரசங்கத்தைச் சுருக்குவதே அக்கா வீட்டுப் பலகாரத்தை நினைத்துத்தான் என்று ஒரு பேச்சு உண்டு. கிளப்பியது நானில்லை. பரப்பியது நான்.

அதைப் பெட்டியில் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பது, லீவு முடிவதற்குள் வியாபாரம் பிடித்துக்கொண்டால் அண்ணன் திரும்பப் போக வேண்டாம்... இதுதான் திட்டம். வந்த அன்று சின்ன மகள் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, விருந்தாளியிடம் சொல்வது போல "இரிங்க" என்றாளாம். அக்கா அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அண்ணன் சிரிக்கவில்லை.

"மக்கா, இதே மாதிரி வேணும். கருப்பு, தங்கக் கோடு, இந்த எழுத்து... பேர மட்டும் மாத்து. பாக்கி ஒண்ணையும் தொடாத."

"அண்ணே, இது செண்டுப் பெட்டில்லா?"

"இருக்கட்டும்லே. பாக்கவன் அசரணும்."

அக்கா பைய கேட்டாள். "முந்திரிக்கொத்து படம் ஒண்ணு போடாண்டாமா?"

"ஏட்டி, சும்ம கெட. படம் போட்டா பலகாரக்கட ஆயிரும்."

"பின்ன நாம என்ன கடயாக்கும் வைக்கோம்?"

நான் அண்ணன் கட்சியில் சேர்ந்தேன். "அக்கா, இதுக்குப் பேரு பிரீமியம் லுக்கு." அந்த வார்த்தையை முந்தின வாரம்தான் ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன்.

செய்தேன். மூடியில் இருந்த பூவை எடுத்துவிட்டு அங்கே மூன்று உருண்டையைத் தங்கக் கோட்டில் வரைந்தேன். யார் பார்த்தாலும் வைரத் தோடு என்பார்கள். பெயர், கண்ணில் படாத மெல்லிய இங்கிலீஷ் எழுத்தில். உள்ளே இருப்பது என்ன என்ற விவரம் பெட்டியின் அடியில், எறும்பு சைஸில்.

முதல் லோடு பறந்தது. புதுவீட்டுப் பால்காய்ப்பு, ஞானஸ்நானம், கல்யாணம்... எல்லாவற்றுக்கும் அதையே வாங்கிக் கொடுத்தார்கள். நான் காலரைத் தூக்கிவிட்டுத் திரிந்தேன்.

அப்புறம் ஒருவரும் வரவில்லை. ஒரு தடவை வாங்கியவர் மறுதடவை வாங்கவில்லை. லீவோ கரைந்துகொண்டிருந்தது. "கருப்பட்டி கூடிப் போச்சோ?" என்று அண்ணன் அக்காவிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவரே சோறு போட்டுத் தின்ன வேண்டியிருந்தது.

விஷயம் பிடிபட்டது திருவட்டாறில். ஒரு வீட்டுக்கு அழைப்பிதழ் புரூஃப் காட்டப் போயிருந்தேன். ஹாலில் கண்ணாடி ஷோகேஸ். உள்ளே கல்ஃப் பவுடர் டின், பிளாஸ்டிக் திராட்சை... நடுவில், லேஸ் துணி விரித்து, என் பெட்டி!

"அம்மா, இத இன்னும் திறக்கலியா?"

"ஐயோ, தொடாதப்பா! கல்ஃப் செண்டுலா. மவ கல்யாணத்துக்கு எடுக்கதுக்கு வச்சிருக்கேன்."

"இது முந்திரிக்கொத்தும்மா."

"இவ்வளவு நல்ல பெட்டிலயா? போப்பா, கள்ளம் பறையாத."

எங்கள் ஊரில் கல்ஃப் சாமானை யார் உபயோகித்தார்கள்? எங்கள் வீட்டிலேயே ஒரு வெளிநாட்டு சோப்பு, தண்ணீரைக் காணாமல் வருஷக்கணக்கில் கன்னியாகவே இருந்தது. விஷயம் தெரிந்தவர்களும் திறக்கவில்லை. பெட்டி அழகைப் பார்த்து அடுத்த விசேஷத்துக்குக் கைமாற்றிவிட்டார்கள். கடியப்பட்டணத்தில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போன பெட்டி வீடு வீடாகச் சுற்றி, கடைசியில் ஸ்டெல்லா அக்காவின் தம்பி வீட்டுப் பால்காய்ப்புக்கே வந்து சேர்ந்தது. அக்கா திறந்தாள். மோந்து பார்த்தாள். மூடினாள். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

லீவு முடிந்தது. அண்ணன் போனார். மிச்சமிருந்த பெட்டிகளில் புதுசாகப் பொரித்து நிரப்பி, அக்கா அவர் சூட்கேஸில் அடுக்கினாள்.

துபாய் போய்ச் சேர்ந்ததும் அண்ணன் என் கடைக்கு போன் பண்ணினார்.

"மக்கா, ரூம்ல எடுத்து வச்சேன் பாத்துக்க. ஒருத்தனும் பெட்டிய ஏறிட்டுப் பாக்கல. கிழிச்சித் தள்ளிட்டானுவ. ஒரு பய முந்திரிக்கொத்தக் கைல வச்சிட்டுக் கண்ணீர் விட்டுக் கரையான்லே."

ரூமில் கூட இருந்தவர்களும் சென்ட் கடை ஆட்கள்தான். அவர்கள் நாள் முழுக்கத் துடைத்து அடுக்குவது அந்த மாதிரிப் பெட்டிகளைத்தான். அவர்களுக்குக் கிடைக்காதது உள்ளே இருந்தது.

பிறகு கல்ஃபிலிருந்து லீவுக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பும்போது முந்திரிக்கொத்து வாங்க அக்கா வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"பெட்டி வேண்டாம் கேட்டியா. உள்ள இருக்கது வெளிய தெரியணும். ஒரு ஸ்டிக்கர் மட்டும் அடிச்சிட்டு வா. ஒன் பிரீமியம் மயிரொண்ணும் வேண்டாம்."

கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கவர். மேலே முந்திரிக்கொத்து என்று தடித்த எழுத்து. அது பிடித்துக்கொண்டது. முதலில் சூட்கேஸ்களில் போனது, பிறகு ஊர்க் கடைகளிலும் தொங்கியது. துபாய் கான்ட்ராக்ட் முடிந்ததும் அண்ணன் விசாவை கேன்சல் பண்ணிவிட்டு வந்து சேர்ந்தார்.

இப்போது வீடுகளில் ஷோகேஸே இல்லை, அந்த இடத்தில் டிவி தொங்குகிறது. பலாப்பழ சிப்ஸ் போடுகிற பையன்கள் என்னிடம் வந்து விலை கூடின போன் பெட்டியைக் காட்டி, "இதே லுக் வேணும் அங்கிள்" என்கிறார்கள். செய்து கொடுக்கிறேன். வாங்குபவர்கள் போனில் வீடியோ எடுத்தபடியே திறந்து, அடுத்த நிமிஷம் அட்டையைக் குப்பையில் போடுகிறார்கள். ஒரு காலத்தில் லேஸ் துணி விரித்து வைக்கப்பட்ட கலைஞன் நான்... கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

போன வாரம் அண்ணனும் அக்காவும் போட்டிருக்கும் பலகாரக் கடையில் நின்றிருந்தேன். பைக்கில் வந்த ஒருவர் ஒரு கவர் வாங்கி, அங்கேயே கிழித்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றார். ஸ்டிக்கர் கீழே விழுந்து அவர் செருப்பில் ஒட்டிக்கொண்டது. தெரியாமல் அப்படியே நடந்து போனார்.

அண்ணன் எண்ணெய்க் கையால் என் தோளைத் தட்டினார்.

"ஒன் டிசைன் நடந்து போவுது பாரு மக்கா!"

உள்ளேயிருந்து அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது.