புரட்டாசியில் வந்த நாய்க்குட்டி

வீடு கிடைத்தால் புரட்டாசி முழுக்கக் கவுச்சி சேர்ப்பதில்லை என்று பெருமாளிடம் வேண்டியிருந்தேன். சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் வீடும் கிடைத்தது. குடிபோன புரட்டாசியில் என் கணவர் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிவந்தார். அதற்கும் தயிர்சாதம்தான் வைத்தேன்.

"வளர்ற குட்டி, கொஞ்சம் மீன் போடேன்" என்றார் அவர்.

"விரத வீட்டுல மீனா? ஒரு மாசந்தானேங்க, பொறுத்துக்கட்டும்" என்றேன்.

பக்கத்து வீட்டுச் சீன அம்மா பாவம் பார்த்து ஒருநாள் நெத்திலி போட்டிருக்கிறார். தின்ற வாயோடு குட்டி நேரே சாமி படத்தடியில் வந்து படுத்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அன்றிலிருந்து சமையலறையில் கட்டிப்போட்டேன்.

தயிர்சாதத்தை முகர்ந்துவிட்டு ஒதுங்கியே கிடந்த குட்டி எலும்பும் தோலுமாகிவிட்டது. கடைசியில் எழுந்து நிற்கவே முடியாமல் போனபோதுதான் மிருக வைத்தியரிடம் ஓடினோம். "உடம்பில் சத்தே இல்லையே, என்னம்மா கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். வீடு திரும்பும் வழியில் என் மடியிலேயே அது செத்துப்போனது.

இப்போது வேறொரு குட்டி வளர்கிறது. புரட்டாசியில் எனக்குத் தயிர்சாதம், அதற்கு மீன். பின்வாசலில் தனிச்சட்டியில் நானே வேகவைத்துப் போட்டு, குளித்துவிட்டு விளக்கேற்றுகிறேன். வேண்டிக்கொண்டது நான்தானே. பட்டினி கிடந்தது அந்தக் குட்டி.