அட்வான்ஸ் வாழ்த்தும் பீலெஃபெல்ட் ரயிலும்

வசந்த காலத்தில் ஜெர்மனி எப்படி இருக்கும், அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்க முடியுமா என்று இரண்டையும் சேர்த்தே சிலர் கேட்கிறீர்கள். ஹம் ஊரில் எனக்கு இது மூன்றாவது வசந்தம். கணவருக்கு இங்கே வேலை. நான் பெரியவர்களுக்கான மாலைக் கல்வி மையம் ஒன்றில் வாரம் இரண்டு ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். போட்டோவில் பார்க்கும் பூ மரங்களை நம்பி வராதீர்கள். ஏப்ரலில் காலை வெயில் அடிக்கும், பத்து மணிக்கு ஆலங்கட்டி விழும், மதியம் முழுக்க நசநசவென்று தூறும். ஏப்ரல் கடைசிப் புதன்கிழமை அப்படி ஒரு தூறலில்தான் பீலெஃபெல்டுக்குப் போனேன். ஊர் பார்க்க அல்ல. மருத்துவமனையில் கிடந்த என் மாணவர் ஒருவரைப் பார்க்க. 

மாணவர் என்றதும் பொடியன் என்று நினைக்க வேண்டாம். டீட்டர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மகன் கனடாவில் மணம் முடித்து அங்கேயே தங்கிவிட்டார். ஐந்து வயதுப் பேத்தி லீனாவுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். இவருக்கோ ஜெர்மன் மட்டும்தான். போனில் தாத்தாவும் பேத்தியும் கையசைத்துக்கொள்வதோடு சரி. மே மாதம் டொரொன்டோ போக டிக்கெட் போட்டுவிட்டுத்தான் என் வகுப்பில் சேர்ந்தார். விமான நிலையத்தில் மகனை நடுவில் வைக்காமல் அவளோடு தானே பேச வேண்டும். 'நான்தான் உன் தாத்தா, உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்.' இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகியே குளிர்காலத்தைக் கழித்தார்.

ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தைய வகுப்பில்தான் வினை வந்தது. ஏப்ரல் கடைசியில் அவருடைய எழுபதாவது பிறந்தநாள்; அதற்குள் எங்களுக்கு வேறு வகுப்பு இல்லை. நம் ஊர் வழக்கப்படி கேக் வாங்கிப்போய், "அட்வான்ஸ் ஹாப்பி பர்த்டே!" என்று கத்தினேன். ஒருவர்கூடக் கை தட்டவில்லை. டீட்டர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. வகுப்பில் படிப்பவர்களில் எனக்கு ஒரே தமிழ்த்துணை வசந்தி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"என்ன பிள்ளை செய்தனீங்கள்? இஞ்ச பிறந்தநாளுக்கு முதல் வாழ்த்தக் கூடாது. கெட்டது வரும் எண்டு சொல்லுவினம்."

"சும்மா இருங்கக்கா, கேக்குல என்ன கெட்டது?" என்று நானும் வீறாப்பாகச் சொன்னேன்.

ஈஸ்டர் ஞாயிறன்று தோட்டத்தில் டீட்டர் சுருண்டு விழுந்தார். இதயம். பீலெஃபெல்ட் மருத்துவமனையில் சேர்த்தார்கள். செய்தியைச் சொல்ல அக்காதான் போன் செய்தார். ஒரு வார்த்தைகூட என்னைக் குத்திக் காட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும். மூடநம்பிக்கை என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. எப்படியாவது அவர் பிறந்தநாளைத் தாண்டிவிட வேண்டும் என்று தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

பிறந்தநாளன்றே பார்க்கப் போவது என்று முடிவு செய்தோம். ஹம்மிலிருந்து பீலெஃபெல்டுக்கு மண்டல ரயிலில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். 63 யூரோ மாதச் சீட்டு வைத்திருந்தால் தனி டிக்கெட் வேண்டாம். ஒன்று இருபதுக்கு வர வேண்டிய ரயில் ஒன்று நாற்பதுக்கு வந்தது. இங்கே இது தாமதக் கணக்கிலேயே சேராது. பிளாட்பாரத்தில் என் கையிலிருந்த பூந்தொட்டியைப் பார்த்ததும் அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"தொட்டியோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஏலாது பிள்ளை. வருத்தம் வேர் பிடிச்சிடும் எண்டுவினம். கிருமி எண்டு வார்டிலயும் விடமாட்டினம்."

வருத்தம் என்றால் அவர் பேச்சில் நோய். தொட்டியை ஸ்டேஷன் பெஞ்சிலேயே விட்டேன். ஓல்டே தாண்டியதும் இரண்டு பக்கமும் கடுகு போல மஞ்சளாகப் பூத்த வயல்கள். வெயில் இருந்தால் கண் கூசும் என்கிறார்கள். அன்றைக்கு எல்லாம் அழுக்காகத் தெரிந்தது. பீலெஃபெல்ட் ஸ்டேஷனில் ஆறு யூரோவுக்குத் துலிப் கொத்து வாங்கிக்கொண்டு டிராம் பிடித்தோம்.

டீட்டர் பாதியாகியிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தினார்.

"இப்போதே சொல்லாதே. நான் பிறந்தது மூன்றே முக்காலுக்கு. அம்மா சொல்வாள்."

மணி மூன்று. கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே பயந்திருந்தார். எனக்கும் அதே பயம் என்பதால் வாழ்த்தைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். பிறகு, எனக்காக மெதுவான ஜெர்மனில், விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதைச் சொன்னார். இந்த மே மாதம் என்றில்லை, இனி எப்போதுமே.

"மகனுக்குத் தெரியும். லீனாவுக்கு நானே சொல்கிறேன் என்றேன். எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரி என்ற வார்த்தை வேண்டாம்."

ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தவள் நான். குளிர்காலம் முழுக்க 'வந்தேன்' சொல்லிக்கொடுத்த மனிதருக்கு 'வரமாட்டேன்' சொல்லிக்கொடுக்க நாக்கு எழவில்லை. கடைசியில் இரண்டே வாக்கியம் தேறியது. தாத்தாவால் வர முடியாது. நீ வா. எட்டுத் தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பார்.

மூன்றே முக்காலுக்குப் போன் வந்தது. அங்கே காலை நேரம். லீனா பிறந்தநாள் பாட்டை முழுசாகப் பாடினாள். அவர் திணறாமல் சொன்னார், இரண்டு வாக்கியத்தையும். தாத்தா ஆங்கிலத்தில் பேசிவிட்டார் என்ற குஷியில் அவள் கத்தினாள். பிறகு கேட்டாள்: "எப்போ?"

அந்தக் கேள்வி அவருக்குப் புரிந்தது. பதில் வேண்டி என் முகத்தைப் பார்த்தார்.  "சீக்கிரம்" என்று சொல்லிக்கொடுத்திருக்கலாம்.  தாதி வந்து போதும் என்றார். நாங்கள் எழுந்துவிட்டோம்.

வசந்தத்தில் வருகிறவர்களுக்கு: குடை வேண்டாம், தலையை மூடும் மழைக்கோட்டு எடுத்து வாருங்கள். இருபது நிமிடம் தாமதத்தைக் கூட்டியே திட்டம் போடுங்கள். நோயாளியைப் பார்க்கப் போனால் தொட்டிச் செடி வேண்டாம். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வருகிறீர்கள் என்றால், மாணவர் எதற்காகக் கற்கிறார் என்று முதல் நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கேட்ட பிறகு உங்களுக்கும் அது வலிக்கும், அதற்கும் தயாராக வாருங்கள்.

திரும்பும் ரயில் கிளம்பிய பிறகுதான் உறைத்தது. முக்கால் மணி நேரம் காத்திருந்தும், டீட்டருக்கு நான் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லவே இல்லை. அக்காவிடம் சொன்னேன். அழுகையும் வந்துவிட்டது. அவர் என் முதுகைத் தடவினார்.

"அதுக்கு ஏன் அழுறீங்கள்? வாற வருசம் சொன்னாப் போச்சு."

"அக்கா," என்றேன், "அடுத்த வருஷத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிடாதீங்க."