இத்தாலி மூவரும் லிவர்மோர் மூவரும்

ஆபீஸ் இத்தாலிக்காரர் கொடுத்த வீடியோ கேசட்டை நேற்று ஒரே காரில் ஆபீஸ் போகும் எங்கள் கார்பூல் கோஷ்டி மூவரும் சேர்ந்து பார்த்தோம். அதில் வருவது அவர்கள் ஊர் காமெடி மூவர். கதை மாறினாலும் வேஷம் மாறாது: ரூல் பேசும் சிடுமூஞ்சி, எதற்கும் அசையாத சோம்பேறி, யார் சொன்னாலும் நம்பும் அப்பாவி.

இன்று காலை கலிபோர்னியாவில் நாங்கள் இருக்கும் லிவர்மோரிலிருந்து ஆபீஸுக்குக் கிளம்பியதும், "அந்தச் சிடுமூஞ்சி அச்சு அசல் நம்ம மேனேஜர்டா" என்று காரோட்டிய ரமேஷ் சிரித்தான்.

பின்சீட்டில் முருகன் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தான். ரமேஷ் உடனே ஃப்ரீவேயை விட்டு இறங்கி காரை நிறுத்தினான்.

"கார்ல சாப்பிடக் கூடாதுன்னு ரூல் போட்டேன்ல? வெளில நின்னு சாப்டுட்டு வா."

"ரெண்டே நிமிஷம்" என்றான் முருகன், சட்னியைத் தேடியபடி.

ரெண்டு நிமிஷம்தானே என்று நானும் காத்திருந்தேன். ஆபீஸில் காலை மீட்டிங் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம்.

சிடுமூஞ்சியும் சோம்பேறியும் யாரென்று புரிந்துவிட்டது. அந்த அப்பாவி யார் மாதிரி என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் எழுதவும்.