சொந்தத்தில் கட்டிக் கொடுத்தது

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று நிலாவெளியில் என் பெயரில் மூன்று படகுகள் ஓடுகின்றன. என்னை ஏமாற்றுவது லேசில்லை.

பிள்ளைகள் பிறவிக் குறையோடு பிறப்பது ஏன் என்று ஆராயும் ஓர் இளம் பெண் டாக்டர் போன மாதம் வீட்டுக்கு வந்தார். என் பேரனுக்கு இதயத்தில் ஓட்டை. மகள் மறுபடியும் கர்ப்பமாக இருக்கிறாள். டாக்டர் எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் கடற்கரைக் காணியில் கண் வைத்த ஹோட்டல்காரர் யாராவது அனுப்பிய ஆளோ?

"ஐயா, மகளுக்கு எப்பிடி, சொந்தத்திலயோ கட்டிக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டார்.

மகளுக்குக் கொடுத்த சீதன வீட்டைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்தேன். எங்கள் சொந்தக் காணியில் நானே கல் சுமந்து கட்டிய வீடு அது. ஆனாலும் காணிக்கு ஆபத்து வரக்கூடாதென்று, "சொந்தம் இல்லை, பிறத்தி" என்று அடுத்தவர் வீடு போலச் சொன்னேன். அவரும் எழுதிக்கொண்டார்.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மகள் வந்தாள். "அப்பா, அவ கேட்டது வீட்டை இல்லை, என்ர மனுசனை. உங்கட தங்கச்சியின்ர மகனைத்தானே நான் கட்டினனான்?"

டாக்டர் எழுதியதை வெட்டினார். "நல்ல வேளை சொன்னீங்கள். இல்லாட்டித் தண்ணியை மட்டும்தான் பார்த்திருப்பம். இனி உங்கட இரத்தத்தையும் உங்கட மனுசன்ர இரத்தத்தையும் பார்க்கவேணும்."

மறுநாளே மகளையும் மருமகனையும் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சந்தேகப்படுவதை நான் விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் கேள்வி என்னவென்று விளங்கிய பிறகுதான் சந்தேகப்படுகிறேன்.