பந்தைத் தொடராத கண்கள்

மனச்சிதைவு வந்து, மருத்துவமனைக்குப் போய்த் திரும்பிய பிறகும், ஆஸ்திரேலியக் கோதுமைச் சீமையின் ஒரு சிற்றூர்க் கிரிக்கெட் அணியில் டார்சிதான் விக்கெட் கீப்பர். அணித்தலைவன் அவன் அண்ணன் நெவில். இரக்கம் என்று சொல்ல முடியாது. ஊரில் ஆள் பஞ்சம்.

ஆனால் பந்துகள் கையுறையைத் தாண்டிப் போயின.

"பந்தைப் பாருடா! வேலிக்கு அந்தப் பக்கம் ஆடா எண்ணிக்கிட்டிருக்க?" என்று நெவில் கத்துவான்.

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"கிழிச்ச. சோம்பேறித்தனம்டா. தேநீர் இடைவேளையில சாண்ட்விச் மட்டும் தவறாம கைக்கு வருதே!"

ஸ்லிப்பில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். டார்சி உண்மையிலேயே பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால், தான் பார்ப்பதை ஒருவன் பிறருக்கு எப்படி நிரூபிப்பது? தலைக்குள் கேட்ட குரல்கள் ஓய்ந்த பிறகு அவன் விரும்பியது அப்படி நிரூபிப்பதை மட்டும்தான்.

மெல்போர்னில், மனச்சிதைவு வந்தவர்களின் கண்ணசைவை ஆராய ஆள் கேட்டார்கள், உடன்பிறந்தவரும் வரவேண்டும். தன் மனைவி ஜனீஸ் நிறைமாதமாக இருக்கும்போது இது என்ன அலைச்சல் என்று முணுமுணுத்தபடியே நெவில் காரை ஓட்டினான்.

முகவாயைத் தாங்கியில் பதித்து, திரையில் ஊசலாடும் புள்ளியைக் கண்ணால் தொடரவேண்டும். பக்கத்து அறையில் ஓடும் காகிதத்தில் ஒரு பேனா கண்ணின் போக்கை வரையும். டார்சிக்கு வந்தது சீரான வளைகோடு அல்ல, படிக்கட்டு.

"இது அக்கறை இல்லாததால வர்றதில்லை, டார்சி," என்றார் ஆய்வாளர் வெரிட்டி. "உங்க கண்ணு பின்தங்கிப் போய், தாவிப் பிடிக்குது. எவ்வளவு முயற்சி பண்ணாலும் இப்படித்தான் வரும்."

"இதை அண்ணன்கிட்ட காட்டலாமா?"

"தாராளமா."

அடுத்து நெவில் உட்கார்ந்தான். டார்சி பேனாவருகே நின்றான். நெவிலின் கோடும் படிக்கட்டாகவே வந்தது.

வெரிட்டி அவசரமாகக் காகிதத்தைத் திருப்பினார். "கூடப் பிறந்தவங்க சிலருக்கும் இப்படி வரும். நோய் வரும்னு அர்த்தமில்லை. அவங்களுக்குத் தனித்தனியா முடிவு சொல்றதும் வழக்கமில்லை."

நெவில் கண்ணைக் கசக்கியபடி வெளியே வந்தான். "என் கோடு வழுவழுன்னு போயிருக்குமே! உன்னது எங்க, காட்டு."

காட்டினால் தன்னுடையதையும் கேட்பான், கிடைக்காமல் நகரமாட்டான். அதன்பின், பிறக்கப்போகும் தன் குழந்தைக்கும் அந்த நோய் வருமோ என்று அதன் கண்களை எந்த நேரமும் உற்றுப் பார்ப்பான்.

டார்சி காகிதத்தைச் சட்டைக்குள் மடித்துச் செருகினான்.

"நான் ஒழுங்காப் பாக்கலையாம்."

"இதைச் சொல்ல மெல்போர்னா?" நெவில் சிரித்தான். "அடுத்த வாரத்துலேர்ந்து கையுறையை ரெக்ஸ்கிட்ட குடுத்திரு, அவன் கீப்பரா நிக்கட்டும்."

டார்சி தலையசைத்தான்.