ஜேர்மன் நடிகர் வழி கேட்டது

நான் இருந்தன். மாமி இருந்தா, என்ர அவரின்ர தாய். மச்சாள் இருந்தாள், அவரின்ர தங்கச்சி. பக்கத்து வளவு அண்ணை இருந்தார். கிளிநொச்சியிலயிருந்து டிவியும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்குக் கொண்டுவந்த மீசைக்காரர் இருந்தார். வேற ஆரும் இல்லை. விசுவமடுவில எங்கட வீடு. பின்னேரம் மூண்டு மணி. வெளிச்சம் விழாமல் யன்னலுக்கு மிளகாய்ச் சாக்குக் கட்டியிருந்தம்.

என்ர அவர் ஜேர்மனிக்குப் போய் மூண்டு வருசம். ஒரு போட்டோவும் அனுப்பேல்லை. சுகம் எண்டு எழுதுவார்.

"கடிதத்தில எல்லாரும் சுகம்தான்," எண்டு மாமி சொல்லுவா. முகத்தைக் காணுமட்டும் நம்பமாட்டன் எண்டு நிண்டா.

அப்பத்தான் அங்கயிருந்து வந்த ஒருத்தரிட்ட ஒரு வீடியோ கசற் குடுத்துவிட்டிருந்தார். கடிதமும் இருந்தது. அங்க ஒரு நடிகராம். முந்திப் படங்களில நடிச்சவராம். இப்ப டிவியில பொலிஸ். அவரோட ஒரு இடத்தில தானும் வாறன் எண்டு எழுதியிருந்தார். நடிகர் எவ்வளவு பெரிய ஆள் எண்டு எங்களுக்கு விளங்கவேணுமாம். அதுக்காக அவரின்ர பழைய படத்துண்டு ரெண்டையும் முன்னுக்குப் பதிஞ்சிருந்தார்.

முதல் துண்டு கறுப்பு வெள்ளை. நடிகர் இளந்தாரி. கள்ளன். சுட்டுப்போட்டாங்கள். மாமி அழுதா.

அடுத்ததில காதோரம் நரைச்சு, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

"கடவுளே, பிழைச்சிட்டான்! படிச்சு டொக்டராயும் வந்திட்டான்," எண்டா மாமி.

பாஷை ஒருத்தருக்கும் தெரியாது. நாங்கள் மறுக்கேல்லை.

மூண்டாவதில பொலிஸ். தலை முழுக்க நரை. அண்ணைக்குப் பொறுக்கேல்லை.

"டொக்டர் வேலையை விட்டிட்டு ஆரும் பொலிசுக்குப் போவினமே?"

மாமி அவர் பக்கம் திரும்பினா. "தன்னைச் சுட்டவனைப் பிடிக்கப் போறான். உமக்கென்ன விளங்கும்?"

அந்த நேரம் பார்த்து மச்சாள் கத்தினாள். "அண்ணா! அண்ணா!"

மாமி டிவிப் பக்கம் திரும்ப, என்ர அவர் படத்திலயிருந்து போயிட்டார்.

நான் கண்டனான். பழக்கடை ஒண்டில பெட்டி அடுக்கிக்கொண்டு நிண்டார். நடிகர் வந்து ஏதோ கேட்டார். இவர் கையை நீட்டிக் காட்டினார். நடிகர் அந்தப் பக்கம் ஓடினார். அவ்வளவுதான்.

"எங்கை? எங்கை என்ர பிள்ளை?"

"திருப்பிப் போடுங்கோ," எண்டன்.

"ஏலாது அக்கா. திருப்பித் திருப்பிப் போட்டா டெக் பழுதாப்போம்," எண்டார் மீசைக்காரர்.

படம் முடிஞ்சுது. மாமி எழும்பேல்லை.

மீசைக்காரர் மாமியைப் பார்த்தார். பிறகு தானே குந்தியிருந்து பின்னுக்கு ஓட்டினார்.

என்ர அவர் திரும்பவும் படத்தில வந்தார். மாமி போய் டிவியில கை வைச்சா.

"வண்டி வைச்சிட்டான்! வயித்தைப் பார் பிள்ளை!" சிரிச்சா. "இஞ்சயிருந்து போகேக்க நெஞ்செலும்பு எண்ணலாம்."

"இவன் வழி காட்டாட்டி பொலிஸ் ஆளைப் பிடிச்சிருக்காது," எண்டார் அண்ணை.

"இப்பவாவது விளங்கிச்சே," எண்டா மாமி.

"இன்னொருக்காப் போடவோ அம்மா?" எண்டு மீசைக்காரர் தானாக் கேட்டார்.

ஜெனரேற்றரில எண்ணெய் முடியுமட்டும் போட்டார். மச்சாள் எண்ணினாள்.

பத்தொன்பது தரம்.