ஹின்டா உட்கார்ந்த குழி

ஆண்ட்வெர்ப்பில் பழைய தீயணைப்பு நிலையத்தை எங்கள் யூதர் நாடக அரங்காக மாற்றியபோது, வண்டிகளுக்கு அடியில் நின்று பழுது பார்க்கும் குழியை மட்டும் மூடவில்லை. அது மேடையின் விளிம்பில் அமைந்துவிட்டது. அதில் உட்கார்ந்துதான் ஹின்டா முப்பத்தோரு வருடம் நடிகர்களுக்கு எங்கள் பழைய மொழியான இத்திஷில் வசனம் எடுத்துக்கொடுத்தாள். பாதிப் பேருக்கு அந்த மொழி வீட்டில் காதில் விழுந்த அளவுதான். நாடகத்துக்கு நாடகம் உறையில் ஏதோ பணம் வைத்துக் கொடுப்பார்கள். அதில்தான் ஹின்டாவும் அவள் தாயும் சாப்பிட்டார்கள். குழியின் ஈரத்தில் அவள் முழங்கால் வீங்கியது. கட்டுப் போட்டவள் நான். வீடுவீடாகப் போகும் நர்ஸ் வேலை எனக்கு.

பிப்ரவரியில் அவள் தாய் இறந்தாள். எங்கள் வழக்கப்படி ஏழு நாள் துக்கத்துக்குத் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து எழுந்தபின் ஹின்டா எங்கள் மதகுரு ரபியிடம் போனாள். தாய்க்குத் துக்கம் பன்னிரண்டு மாதம். நாடகம், பாட்டு எதற்கும் போகக் கூடாது. அதுவே பிழைப்பாக இருந்தால் போகலாம். அது உன் தொழிலா என்று ரபி கேட்டார். தானாகச் சொல்லிக்கொள்ள அவளுக்கு மனமில்லை. அரங்கத் தலைவர் மார்செல் ஐசனிடம் ஒரு வரி எழுதித் தரும்படி கேட்டாள்.

அழகான தாளில் பதில் வந்தது. அன்புள்ள தன்னார்வத் தோழிக்கு ஆழ்ந்த அனுதாபங்களாம். தொழில் என்று எழுதினால் ஓய்வூதியம், காப்பீடு என்றெல்லாம் கேள்வி வருமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய்க் கேட்டேன்.

"நர்ஸம்மா, அவங்க எங்க குடும்பத்துல ஒருத்தங்க. குடும்பத்துக்குள்ள யாராவது எழுதி வாங்குவாங்களா?" என்றார்.

"குடும்பத்துல ஒருத்தியையா முப்பத்தோரு வருஷம் குழியில உக்கார வச்சீங்க?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஹின்டா சண்டை போடவில்லை. வீட்டிலேயே இருந்துவிட்டாள். மார்ச்சில் புது நாடகம். குழியில் வேறொருவரை இறக்கினார்கள். ஒத்திகையில் அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் கதாநாயகன் ஒரே வரியை மூன்று முறை சொல்லிவிட்டு, ஊர் மொழியான பிளெமிஷில் மன்னிப்புக் கேட்டானாம். மறுநாள் காலையில் ஐசன் நாலு மாடி ஏறி, மூச்சு வாங்க வந்து நின்றார். நான் அவள் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"வியாழக்கிழமை அரங்கேற்றம், ஹின்டா. கொஞ்சம் மனசு வைங்க."

"நான் தன்னார்வத் தோழி. தோழிக்குத் துக்கம். அடுத்த பிப்ரவரி முடிஞ்சு வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் கட்டின் முனையில் ஊக்கைக் குத்தினேன். கடைசியில் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து எழுதினார். ஹின்டா கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினாள்.

"'உதவியாளர்'னு போட்டிருக்கீங்க. வசனம் எடுத்துக்கொடுக்கிறது இவங்க தொழில்னு எழுதுங்க. எந்த வருஷத்துலேருந்துன்னும் போடுங்க."

வேறு தாள் கேட்டார். கொடுத்தேன்.

ரபியிடம் காட்டிவிட்டு வியாழக்கிழமை அவள் குழியில் இறங்கினாள். கீழே ஈரத்துக்கு மரப்பலகை போட்டிருந்தார்கள். முப்பத்தோரு வருடம் யாருக்கும் தோன்றாத பலகை.